பள்ளத்தில் தங்கும் குளிர்: நீலகிரியில் நான்கு நாள்

2025 பிப்ரவரி 7, வெள்ளி – எமரால்டு

மதியம் மேட்டுப்பாளையத்தில் வியர்வை துடைத்தேன். இரவு எட்டு மணிக்கு எமரால்டில் இரண்டு ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இடையில் எண்பது கிலோமீட்டர்கூட இல்லை.

தேனியில் பதினேழு வருடமாகப் புவியியல் நடத்துகிறேன். ‘வெப்பத் தலைகீழ் மாற்றம்’ என்று கரும்பலகையில் எழுதி மூன்று வரியில் முடித்துவிடுவேன். மேகமும் காற்றும் இல்லாத குளிர்கால இரவில் தரை வேகமாக வெப்பத்தை இழக்கும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, சரிவு வழியே பள்ளத்தில் இறங்கித் தேங்கும். வெப்பக் காற்று அதற்கு மேலே நிற்கும். எங்கள் ஊரில் இதை நேரில் காட்ட முடியாது. உயரம் போகப் போகக் குளிரும் என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும், எனக்கும் உடம்பளவில் அவ்வளவுதான் தெரியும். அந்த மூன்று வரியைக் கண்ணால் பார்க்கத்தான் இந்தத் தைக் கடைசியில் விடுப்புப் போட்டேன். செவ்வாய்க்கிழமை தைப்பூச விடுமுறை வருவதும் வசதியாகப் போயிற்று. கல்லூரியில் படிக்கும் அக்கா மகனும் கூட வந்திருக்கிறான். பள்ளி ஆய்வகத்திலிருந்து மூன்று வெப்பமானிகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன்.

மலையேறும் முன் சோதனைச் சாவடியில் அவனுடைய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நியாயமான வேலை. ஊட்டி கடைத்தெருவில் எவர்சில்வர் பாட்டில் 280 ரூபாய், கம்பளிக் குல்லா 150 ரூபாய். குல்லாக்காரர் 250 சொன்னார், நான் பேசுவதற்குள் அவரே இறங்கிவிட்டார். கால் கிலோ வர்க்கியும் வாங்கிக்கொண்டோம்.

தங்கியிருப்பது தேயிலைச் சரிவில் உள்ள ஒரு வீட்டில். ஒரு நாளைக்கு 900 ரூபாய், சாப்பாடு உட்பட. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இலங்கையில் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. இருபத்து மூன்று வயதில் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து நேராக நீலகிரி. அங்கும் கொழுந்து, இங்கும் கொழுந்து. என்னை ‘மகளே’ என்று இழுக்காமல் “வாருங்கள் மகள்” என்றுதான் அழைக்கிறார். அந்த ஒரு சொல்லில் அவர் பிறந்த ஊர் இன்னும் இருக்கிறது.

இரவுக்குத் தேங்காய் ரொட்டியும் சம்பலும். பால் இல்லாத தேநீரைப் ‘பிளேன்டீ’ என்கிறார். சர்க்கரை போடாமல், கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். நான்கு ரொட்டி சாப்பிட்டேன்.

தலைக்குத் தடவக் கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கல்லாக நிற்கிறது. ஈர்க்குச்சி விட்டுக் குடைந்துதான் எடுக்க முடிந்தது.

“இன்றைக்கு வானத்தில் ஒரு மேகம் இல்லை. காற்றும் நின்றுவிட்டது. விடியற்காலையில் விழும்” என்றார் அம்மா. உறைபனியைத்தான் சொல்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் இலையில் நீராக நிற்பது நீர்ப்பனி. அதன் பிறகு வருவது உறைபனி. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் இங்கே யாரும் ஏற்பதில்லை.

பிப்ரவரி 8, சனி – எமரால்டு

வெப்பமானிகளில் ஒன்றை ஓடையோரக் காய்கறித் தோட்டத்தில் குச்சி நட்டுக் கட்டினேன். இரண்டாவது வீட்டு முற்றத்தில். மூன்றாவதை மேலே தார்ச்சாலை ஓரத்தில், ஓடையிலிருந்து ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரத்தில், அக்கா மகன் கட்டிவிட்டு வந்தான்.

காலை ஆறு மணி. சாலையில் 6 டிகிரி. முற்றத்தில் 3. ஓடையோரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 1.

ஒரே ஊர், ஒரே நேரம், நடந்து இறங்கினால் பத்து நிமிடம். “சித்தி, இறங்க இறங்கக் குளிருகிறது” என்று அவன் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பதினேழு வருடம் மூன்று வரியில் சொன்னது காலடியில் கிடந்தது.

அங்கே தரை முழுவதும் வெள்ளை. சுண்ணாம்பு தெளித்தது போலத்தான் முதலில் பட்டது, குனிந்து பார்த்தால் அப்படி இல்லை. ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் உப்புப் பரலைவிடச் சிறிய ஊசிகள் வரிசையாக முளைத்திருந்தன. கேரட் இலைகள் அச்சில் வார்த்த வெள்ளிச் சரிகை. நிறுத்தியிருந்த பைக்கின் இருக்கையில் விரலால் பெயர் எழுத முடிந்தது. முந்தின இரவே எவர்சில்வர் பாட்டிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தான் அவன், சோதனைக்காக. மூடியைத் திறந்தால் தண்ணீர் மேல் கண்ணாடி ஆடை.

அழகு என்று வாய் திறந்து சொல்லிவிட்டேன். பக்கத்து நிலத்தில் ஒரு பெரியவர் உருளைக்கிழங்குச் செடிகளுக்கு ஸ்பிரிங்ளரில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. அவர் கோபப்படவில்லை. வெயில் ஏறுவதற்குள் பனியைக் கழுவிவிட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். “பனி விழுந்து அப்படியே இருந்தால்கூடத் தப்பிக்கும் அம்மா. அதன் மேல் சுள்ளென்று வெயில் படும்போதுதான் இலை வெந்துவிடுகிறது.” பதினோரு மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தேன். தண்ணீர் எட்டாத மூலையில் செடிகள் கறுத்துத் தொங்கின, வெந்நீர் ஊற்றியது போல. காலையில் நான் சொன்ன சொல்லை அவர் எதிரில் சொல்லியிருக்க வேண்டாம்.

மதியம் அவலாஞ்சிப் பக்கம் போய் வந்தோம். 1800-களின் தொடக்கத்தில் நடந்த பெரிய மண்சரிவால் அந்தப் பெயர். 2019 ஆகஸ்ட் 8-ல் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது இங்கேதான், தேனியில் ஒரு முழு ஆண்டுக்கே ஏறத்தாழ அவ்வளவுதான் பெய்யும். இன்று அந்த இடம் வறண்டு, பழுப்பேறி, சத்தமில்லாமல் கிடக்கிறது. 1907-ல் தொடங்கிய டிரவுட் மீன் பண்ணையின் தண்ணீரில் விரல் வைத்தேன், எலும்பு வரை வலித்தது. அந்தக் குளிர் இல்லாமல் அந்த மீன் வாழாதாம்.

மாலையில் அம்மாவின் நிலத்தில் வேலை. ஓடைக்கு மேலே தாழ்வான பகுதியில் புதிதாக நட்ட தேயிலை நாற்றுகள் இருக்கின்றன. வரிசைக்கு இருபத்தைந்து வீதம் பன்னிரண்டு வரிசை. தேயிலைச் செடியில் கவாத்து வெட்டிய மெல்லிய கிளைகள் (மிலாறு), காய்ந்த புல், பெரணித் தழை எல்லாம் கொண்டு ஒவ்வொரு நாற்றுக்கும் கூரை போட வேண்டும். மூடியது காற்றைத் தடுக்க அல்ல, தரையின் வெப்பம் வானத்துக்குத் தப்பிப் போகாமல் இருக்க. அம்மாவுக்கு இதை யாரும் பாடமாக நடத்தவில்லை. “வானம் பார்க்காமல் மூடுங்கள் மகள்” என்றார். நான் இனி வகுப்பில் இந்த வாக்கியத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

பெரிய செடிகள் மேல் இலை கருகினாலும் மறுபடி துளிர்க்கும், ஆனால் கொழுந்து எடுக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிலோ பச்சைத் தேயிலைக்கு இருபது ரூபாய்ச் சொச்சம்தான் கிடைக்கிறது என்கிறார். அதுவும் இல்லாத வாரங்கள் அவை. நாற்று போனால் போனதுதான்.

கடைசி வரிசைக்கு வந்தபோது மிலாறு தீர்ந்துவிட்டது. பழைய சாக்குகளைப் பரப்பினோம். பதினொரு நாற்றுகளுக்கு அதுவும் இல்லை. நிலா உச்சிக்கு வந்துகொண்டிருந்தது, வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. அம்மா அந்தப் பதினொன்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு – அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா

இன்று உடம்பில் வலிக்காத இடம் இல்லை.

2024 அக்டோபரில் வனத்துறை வழிகாட்டிகளோடு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. அவற்றில் ஒன்று இது. ஜீப்புக்கு 800 ரூபாய். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த தம்பி அருகிலுள்ள ஒரு ஹட்டியைச் சேர்ந்த படுகர் (படுகர்கள் தங்கள் ஊரை ஹட்டி என்பார்கள்), இருபத்தாறு வயது. “முன்னால் போகாதீர்கள் அக்கா, என் காலடியில் கால் வையுங்கள்.” கிளம்பும்போது சொன்னது இவ்வளவுதான்.

ஏழரை மணிக்கு நடக்கத் தொடங்கினோம். பள்ளத்தாக்கின் அடியில் வெயில் இன்னும் வரவில்லை. புல்வெளியில் நடந்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம். மண் பாதையில் சேறு உறைந்து, கால் வைத்ததும் மேல் ஓடு உடைந்து உள்ளே சகதி. அரை மணி நேரம் ஏறியதும் தம்பி நின்று, சரிவின் குறுக்கே கையால் கோடு இழுத்துக் காட்டினார். அந்தக் கோட்டுக்குக் கீழே எல்லாம் வெள்ளை, மேலே எல்லாம் பழுப்பு. ஏரியில் தண்ணீர் நிற்கும் மட்டம் போல, குளிர் நின்ற மட்டம்.

பிறகு ஒரு சோலைக்குள் பாதை நுழைந்தது. மரங்கள் அதிக உயரமில்லை, தலைகள் ஒன்றோடொன்று பின்னி, கிளையெல்லாம் பாசி. உள்ளே ஒரு புள்ளிப் பனி இல்லை. வெப்பமானியை எடுத்தேன், 7 டிகிரி. வெளியே இருபது அடி தள்ளிப் புல் விறைத்துக் கிடக்கிறது. சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும் முதல் தையிலேயே செத்துவிடும் என்றார் தம்பி. சோலை இந்த இடத்தோடு ஏன் நிற்கிறது, புல் அங்கிருந்து ஏன் தொடங்குகிறது என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணங்களில் உறைபனி முக்கியமானது. புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த எல்லையில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நின்றபோது அது கோடு அல்ல, வாசல்படி என்று தோன்றியது.

புல்வெளிக்குள் துணிந்து நிற்கும் மரம் ஒன்று உண்டு, ரோடோடென்ட்ரான். தனி மரமாக, முறுக்கிய தண்டோடு, பனியையும் தாங்கி, தீயையும் தாங்கி நிற்கும். இன்று அது பூத்திருந்தது. கொத்துக் கொத்தாக இரத்தச் சிவப்பு. சில இதழ்களின் விளிம்பில் பனி உருகி நீராக நின்றது. இமயமலையில் இதே இனம் உண்டு, இடையில் உள்ள சமவெளி எதிலும் கிடையாது. துணிந்து நிற்பவை இன்னும் உண்டு: ஆங்கிலேயர் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரங்கள். அவையும் பனிக்கு அஞ்சாமல் புல்வெளியைத் தின்றுகொண்டு போகின்றன. அவற்றைப் பார்க்கும்போது தம்பியின் முகம் மாறியது.

விபத்து ஒன்பது மணிக்கு நடந்தது. ஒரு சிற்றோடையில் தட்டைப் பாறையைத் தாண்ட வேண்டும். தம்பி அதை விட்டு ஓரக் கல்லில் கால் வைத்தார். பாறை ஈரமாக இருப்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது, அகலமாகவும் இருந்தது. வைத்த கால் நிற்கவே இல்லை. அது ஈரம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம். இடது முழங்கால் வரை தண்ணீருக்குள் போயிற்று. சட்டைப் பையில் இருந்த வெப்பமானி உடைந்தது. பள்ளிக்கூடத்துப் பொருள், ஊர் திரும்பியதும் வாங்கி வைக்க வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் கால் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவை ஆயின. திரும்பிவிடலாமா என்று அக்கா மகன் கேட்டான், அவன் குரல் நடுங்கியது. தம்பி ஒன்றும் பேசாமல் என்னை வெயில் பட்ட பாறையில் உட்கார வைத்தார். ஷூவைக் கழற்றி, பையிலிருந்த செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து ஈரத்தை உறிஞ்ச வைத்தார். தன்னுடைய மாற்றுக் கம்பளிக் காலுறைகளை எடுத்து நீட்டினார். “அம்மா பின்னியது அக்கா, சூடு நிற்கும்.” அதன் பிறகு தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, கோதுமை மாவில் செய்த பொத்திட்டை மூன்றாகப் பிய்த்தார். மெல்லிய இனிப்பு, நெய் மணம். நான் அழுதேன். வலியால் மட்டும் அல்ல. முன்பின் அறியாத ஒருவருடைய தாயின் கைவேலைக்குள் என் கால் சூடேறிக்கொண்டிருந்தது.

நடந்தோம். உச்சிக்கு முன்னால் உள்ள மேட்டில் வரையாடுகள். தம்பி கையமர்த்தி எங்களை உட்கார்த்தினார். பதினான்கு எண்ணினேன், அதில் மூன்று குட்டிகள், பிறந்து சில வாரமே இருக்கும். பெரும்பாலும் தை, மாசியில்தான் குட்டி போடும். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,031 வரையாடுகள் இருந்தன. எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை அதைவிட அதிகம். ஒரு குட்டி செங்குத்துப் பாறையில் நின்று தாயைத் தேடிக் கத்தியது. எனக்கு அடிவயிறு கலங்கியது, அது ஒரே தாவில் போய்ச் சேர்ந்துவிட்டது.

உச்சி 2,600 மீட்டருக்கு மேல், தொட்டபெட்டாவைவிடச் சில மீட்டர்களே குறைவு. அங்கே பனியே இல்லை, இதமான வெயில். மேற்கே மலை வெட்டுண்டு கேரளத்துக்குள் இறங்குகிறது. முக்குருத்தி சிகரம் தெரிந்தது. இறந்தவர்களின் உயிர் அந்த வழியாகத்தான் மறு உலகம் போகிறது என்பது தோடர் மக்களின் நம்பிக்கை. அதன் நேர் முனையைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

இறங்கும்போது தம்பி ஒரு பிடி புல்லைப் பிடுங்கி உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். தூளாகிவிட்டது. காலையில் பனி மூடியிருந்த அதே புல்! இரவெல்லாம் உறைந்து, பகலெல்லாம் வெயிலில் காய்ந்து, இரண்டு மாதத்தில் சக்கையாகிவிடுகிறது. ஒரு பொறி போதும். அதனால்தான் இன்னும் சில நாளில் பாதையை மூடிவிடுவார்கள், அதன் பிறகு இவர்களுக்கு வேலை தீத்தடுப்புக் கோடு வெட்டுவது. எனக்குக் குரங்கணி நினைவு வந்தது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் போடி மலையில் தீ. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மீளவில்லை. அன்றிரவு எங்கள் தெருவைத் தாண்டி ஆம்புலன்ஸ்கள் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பனிக்கும் தீக்கும் நடுவில் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. சொன்னேன். தம்பி தலையசைத்தார். அவரும் அந்த வருடத்தை மறக்கவில்லை.

இரவு காலுறைகளைத் துவைத்து வெளியே கொடியில் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் தகடாக விறைத்து நின்றன. அம்மா அவற்றை வாங்கி அடுப்பு மேட்டில் வைத்தார். வெந்நீர் ஒரு வாளிக்கு 30 ரூபாய் என்று முதல் நாள் சொன்னவர், இன்று இரண்டு வாளிக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிப்ரவரி 10, திங்கள் – மேட்டுப்பாளையம் பஸ் நிலையம்

முதலில் கெட்ட செய்தி. கல்லாக இருந்த எண்ணெயை நம்பி மூடியைச் சரியாகத் திருகவில்லை. பர்லியாறு தாண்டியதும் உருகி, பைக்குள் ஊறி, வர்க்கிப் பொட்டலத்தையும் இந்த நோட்டின் ஓரத்தையும் நனைத்துவிட்டது. ஸ்வெட்டர் மடியில் கிடக்கிறது. எதிரே மஞ்சள் உடுத்திய காவடிக் கூட்டம் பழனி பஸ்ஸுக்கு நிற்கிறது. இளநீர் 50 ரூபாய்.

இன்று காலை நடந்ததை வீடு போவதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஆறரைக்கே தம்பியின் ஹட்டிக்குப் போய்க் காலுறைகளைக் கொடுத்தேன். அடுப்பு வாசனையோடு இருந்தன. அவருடைய தாயார் அதை முகர்ந்து பார்த்துச் சிரித்து, எனக்கு ஒரு பை நிறைய அவரை கொடுத்தார். பணம் நீட்ட நான் துணியவில்லை.

பிறகு அம்மாவோடு நாற்றங்காலுக்கு இறங்கினேன். நேற்று முன்தினமும் நேற்றும் இரண்டு இரவும் பனி கடுமை. மிலாறை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தோம். உள்ளே நாற்றுகள் பச்சையாக, லேசான ஈரத்தோடு, தூங்கி எழுந்த பிள்ளைகள் போல இருந்தன. சாக்கு போட்டவையும் தப்பிவிட்டன. திறந்து கிடந்த பதினொன்றும் காபித்தூள் நிறத்தில் சுருண்டிருந்தன. நான் வாய் திறக்கவில்லை.

அம்மா மண்டியிட்டு உட்கார்ந்தார். முதல் நாற்றின் தண்டில், மண்ணுக்கு ஒரு விரல் மேலே, கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார். பட்டைக்கு அடியில் பச்சை. அடுத்ததிலும் பச்சை. மூன்றாவதில் பழுப்பு. அவசரப்படாமல் வரிசை முழுவதும் நகர்ந்தார், நான் கூடவே தவழ்ந்தேன். ஏழில் பச்சை இருந்தது.

மற்ற நான்கின் பக்கத்திலும் ஆளுக்கொரு மிலாறுக் குச்சியை ஊன்றினார், ஆனியில் மழை வந்ததும் எங்கே நட வேண்டும் என்று தெரிவதற்காக.